விரிந்த கை

டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதற்குத் தவறாக நினைக்க வேண்டாம். மன்னார்குடியில் எந்தக் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டுவிடுகிறார்கள்.

நான் செய்வது மந்திரமும் இல்லை, மசாஜும் இல்லை. உடல்வழி மனச் சிகிச்சை. மனதில் விழுந்த அடி தசையில் போய் இறுகிக்கொள்ளும். அதை மூச்சாலும் அசைவாலும் தளர்த்த வேண்டும். சென்னையில் முறைப்படி படித்தவன் நான். வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

தமிழரசன் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலோரத்துக்காரர். படகு கவிழ்ந்து தம்பி பஞ்சநாதன் போய்விட்டான். அன்றிலிருந்து இவருக்கு வலது கை மூடியது மூடியபடி, விரல் விரியாது. ஆஸ்பத்திரியில் நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மனைவி அம்சம்தான் என்னிடம் அழைத்து வந்தாள். "கடலுக்குப் போவணும்னு கேக்கலைங்க சார். சோத்தைத் தன் கையால எடுத்துத் தின்னா போதும்" என்றாள்.

அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று அவரைக் கேட்டேன். தம்பியின் தலைமுடி என்றார். முங்குகிறவனுக்குக் கை கொடுத்தால் நம்மையும் சேர்த்து இழுத்துவிடுவானாம். அதனால் முடியைப் பிடித்துத்தான் தூக்குவார்களாம். இவரும் பிடித்திருக்கிறார். அலை பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு அவ்வளவு சந்தோஷம், மேடம். இவ்வளவு தெளிவாக ஒரு உடம்பு பேசி நான் கேட்டதில்லை. தம்பி பட்டதை இந்த உடம்பும் ஒருமுறை பட்டுவிட்டால் அந்தக் கை அவனை விட்டுவிடும். இது எந்தப் பாடத்திலும் இல்லை, நானே யோசித்தது.

காலையில் பாமணி ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். மேட்டூர் தண்ணீர் மார்பளவு ஓடிக்கொண்டிருந்தது. அம்சம் கரையில் நின்றாள். தாங்க முடியாவிட்டால் என் மணிக்கட்டைத் தட்டுங்கள், விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். தலைமுடியைப் பற்றி அமிழ்த்தினேன். அவர் திமிறவே இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடியைப் பிடித்தவன் காப்பாற்றுவான் என்றுதானே அவர்களுக்குப் பழக்கம்.

பிறகு தட்டினார். ஆமாம், தட்டினார், முதலில் உங்களிடம் தட்டவில்லை என்று சொன்னேன். அம்சமும் கரையிலிருந்து கூப்பிட்டாள், "தட்டுறாருங்க சார், விட்டுடுங்க" என்று. ஆனால் தட்டியது எந்தக் கை தெரியுமா? வலது கை. ஐந்து விரலும் விரிந்திருந்தன. அந்த நேரத்தில் பாதியில் விடுகிறவன் சிகிச்சை செய்கிறவனே இல்லை. உடம்பு முழுக்கத் தளரும்வரை பிடித்திருந்தேன். தளர்ந்தது. நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கை குணமானதையும் சேர்த்து எழுதுங்கள்.

எனக்கு இப்போது ஒரே கவலை அம்சம்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சொட்டு அழவில்லை. உள்ளே வரும்போதே கவனித்தேன், அழுகை அப்படியே தொண்டையில் கட்டி நிற்கிறது. தாமதித்தால் இறுகிப்போகும். அவளைக் கொஞ்ச நேரம் இந்த அறையில் என்னோடு விட்டுவிட்டுப் போங்கள், மேடம். தண்ணீர்கூட வேண்டாம், தொண்டையில் கை வைத்தாலே போதும்.