அமுக்கியும் அடிக்காத பெல்

மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"அப்பா பொய் சொல்றார்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், அக்கா," என்றாள் தங்கை.

"என்ன பொய்?"

"குளிமுறியில வழுக்கி விழுந்தப்போ பெல்லை அமுக்கினேன்னார். மாடியில என் அறையில அடிக்கவே இல்லை. நானே செஞ்ச வயர்லெஸ் பெல் தப்பாதுன்னு நினைச்சேன். போய் அமுக்கிப் பார்த்தேன், பட்டன்ல சிவப்பு விளக்கு எரிஞ்சது. மாடியில அடிக்கறதான்னு பார்க்காம அதோட விட்டுட்டேன்."

"பின்னே?"

"விளக்கு எரிய பட்டனுக்குள்ள இருந்த பழைய பாட்டரி போதும். சிக்னல் அனுப்பறப்போ சட்டுனு நிறைய கரண்ட் வேணும். அது கிடைக்காம சிக்னல் அனுப்பற மாட்யூல் அணைஞ்சு போயிருக்கு. நேத்திக்குத்தான் மீட்டர் வெச்சுப் பார்த்தேன். பாவம், அப்பா அரை மணி நேரம் அமுக்கிண்டே கிடந்திருக்கார்."

"இப்போ சரியாச்சா?"

"புது பாட்டரி, சட்டுனு கரண்ட் குடுக்க ஒரு கப்பாசிட்டர் எல்லாம் போட்டாச்சு. நன்னா அடிக்கறது."

"தப்பு உன்னோடதுன்னு அப்பாகிட்ட சொன்னியா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாட்டரி மாத்தினேன்னு மட்டும் சொன்னேன். 'சரி மோளே'ன்னார். இன்னிக்குக் காலம்பற பெல்லை அமுக்காம, சுவரைப் பிடிச்சுண்டு தானே போய் தண்ணி எடுத்துக் குடிச்சார்."