ஒண்ணு சொல்லும்மா

ராத்திரி ஒன்பதரை இருக்கும். பேரையூரிலிருந்து எழுமலை போகிற ரோடு… இரண்டு பக்கமும் பருத்திக்காடு. மார்கழிப் பனி. கண்ணுக்கு எட்டியவரை ஒரு விளக்குக் கிடையாது. நம்ம தெரு மீனலோசனி இருக்கிறாளே, அவளுடைய அத்தை மகன் டாக்டர் ராஜகுரு, ஸ்கூட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தான். வருஷம் தொண்ணூற்றாறோ ஏழோ. எழுமலையில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தான். வீடு மதுரையில், காளவாசலில்.

ஓடைப்பாலம் தாண்டியதும் குறுக்கே ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. அதற்குள் பயந்துவிடாதீர்கள்… அது மனுசன்தான்.

"டாக்டரய்யா, நான் சின்னச்சாமி. பொண்டாட்டிக்கு மூச்சு வாங்குது. செத்த வந்து பாருங்கய்யா."

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு நாளாக் காய்ச்ச. வெள்ளிக்கெழம வரைக்கும் ஊசி கீசி போடக் கூடாதுன்னுட்டாரு குறி சொல்ற கோடாங்கி. எனக்குத்தான் மனசு கேக்கல."

"கோடாங்கி என்ன படிச்சிருக்காரு?"

"உடுக்கடிக்கத்தான்யா படிச்சிருக்காரு."

ராஜகுரு சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

காட்டுக்குள் ஒற்றை வீடு. வாசலில் ஒரு ஆட்டுக்கொட்டில். ஆடு ஒன்றுகூட இல்லை, ஆட்டு வாடை மட்டும் இருந்தது. உள்ளே ஒச்சாயி வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெற்றி நிறைய விபூதி, தலைமாட்டில் வேப்பிலை. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்துச் சிரட்டையில் துப்பியிருந்த சளி, செங்கல்லைக் கரைத்த தண்ணீர் நிறம்.

"கோடாங்கி என்னதான் சொன்னாரு?"

"போன மாசம் செத்த எங்காத்தா… இவ நெஞ்சுல ஏறி உக்காந்திருக்காம்."

"உக்காந்திருக்கிறது ஆத்தா இல்லண்ணே. நிமோனியா. நெஞ்சுக்குள்ள சளி இறுகிக் கிடக்கு. எந்திரிச்சு உக்காரும்மா, முதுகைப் பாப்போம்."

தட்டிப் பார்த்தான். இடது பக்கம் 'டொம் டொம்' என்றது. வலது பக்கம் கீழே, பலகையைத் தட்டின மாதிரி செத்த சத்தம். குழாயை வைத்தான். ஸ்டெதஸ்கோப்புக்குள் சட்டியில் உப்பு பொரிகிற சத்தம்.

"ஒண்ணு, ஒண்ணுன்னு சொல்லும்மா."

எல்லா டாக்டரும் சொல்லச் சொல்வதுதானே. நல்ல நெஞ்சாக இருந்தால் அந்தச் சொல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி மங்கலாகக் கேட்கும். சளி இறுகிவிட்டால் காதுக்குள் வாயை வைத்துச் சொன்ன மாதிரி கேட்கும்.

"ஒண்ணு… ஒண்ணு…" ஒச்சாயிக்கு அதற்கே மூச்சு இரைத்தது. காதுக்குள் கணீரென்று விழுந்தது. சந்தேகமே இல்லை.

"போதும்மா."

அவள் வாயை மூடினாள். ராஜகுரு குழாயை இன்னும் எடுக்கவில்லை.

"ரெண்டு."

கிழக்குரல். வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு சொன்ன மாதிரி, குழைந்து…

"ரெண்டுன்னு சொன்னியாம்மா?"

"நீங்க… ஒண்ணுதானய்யா… சொல்லச் சொன்னீக."

அவனுக்குப் பயம் என்று ஒன்றும் வரவில்லை. கை மட்டும் அடுத்தவன் கை மாதிரி இருந்தது. அந்தக் கையே பையைத் திறந்தது. ஒத்துக்கொள்கிறதா என்று தோலில் சோதித்துப் பார்த்தது. பென்சிலின் ஊசியைப் போட்டது. அவன் வாய் பேசியது.

"இது வீட்டுல வச்சுப் பாக்குற சீக்கு இல்ல. இப்பவே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். விடியட்டும்னு இருந்தா ஆள் தங்காது. வண்டி எதுவும் கிடைக்குமா?"

கிடைத்தது பக்கத்து ஊர் அழகுபாண்டியின் வேன். சந்தைக்கு ஆடு ஏற்றுகிற வேன். ராஜகுரு ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டான். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டியது. தன் தோளில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டான். மதுரை வரைக்கும் அவன் கழுத்தில்தான் இருமினாள்.

"ஒங்க ஆத்தா எப்படிச் செத்தாங்க?"

"இதே மாதிரிதான்யா, மூச்சு வாங்கி. டாக்டர்னு ஒருத்தரும் வந்து பாக்கல." சின்னச்சாமி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "அவுகளுக்கு ஆடுதான் உசுரு. பொழுது சாஞ்சா வெத்தலைய அதக்கிக்கிட்டுக் கொட்டில் வாசல்ல நிப்பாக. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணித்தான் அடைப்பாக. ஒரு குட்டி கொறஞ்சாலும் படுக்க மாட்டாக. கடைசி மூச்சுலயும் 'ஒண்ணு'ன்னாக… அதோட நின்டு போச்சு. மறுவாரமே அம்புட்டு ஆட்டையும் வித்துட்டேன். கொட்டில் காலியாக் கெடக்கு."

உசிலம்பட்டி வந்தது, போனது.

ஒச்சாயி பிழைத்துக்கொண்டாள். அதுதான் முக்கியம், கேட்டுக்கொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், வேளைக்கு வேளை ஊசி போட்டார்கள். எக்ஸ்ரேயில் வலது பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்த வெள்ளை, வாரம் போகப்போகக் கரைந்தது. தை பிறந்த பிறகு எழுமலைக்கு நடந்தே வந்தாள், ஒரு பை மொச்சைக்காயோடு.

ராஜகுரு அவள் முதுகில் குழாயை வைத்தான்.

"ஒண்ணு சொல்லும்மா."

"ஒண்ணு."

மங்கலாக, எங்கோ தூரத்தில் கேட்டது. அப்படித்தான் கேட்க வேண்டும். குழாயை எடுக்காமல் காத்திருந்தான்… ஒன்றும் இல்லை.

"என்னய்யா, இன்னும் இருக்கா?"

"இல்லம்மா. போயிருச்சு."

"எங்கிட்டுய்யா போச்சு?"

அவன் சிரித்தான். சிரிக்கும்போது இருமல் வந்தது.

அந்த வாரம் காளவாசல் வீட்டில் காய்ச்சலோடு படுத்தவன், ஒருக்களித்தே படுத்தான். வலது பக்கமாக. அவன் பெண்டாட்டி சாரதாம்பாள் வெந்நீரோடு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் பாக்குறீங்க, ஒங்களுக்கு யாரு பாக்குறது? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போவோம். அதுக்கு முன்னால இந்தக் குழாயைக் காதுல மாட்டிக்க. முதுகுல, கீழ வை… அங்கதான். நான் சொல்றது எப்படிக் கேக்குதுன்னு மட்டும் சொல்லு."

வீட்டுக்குள் அவர்கள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அந்தப் பாஷையில்தான் ஒன்று என்று சொன்னான், ஒரே ஒரு தடவை. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

சாரதாம்பாள் குழாயை எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். தெருவில் காளவாசல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த அறையில் ஆட்டுப் புழுக்கை வாடை லேசாக…

"கேட்டுச்சா?"

"ம். பக்கத்துல உக்காந்து சொன்ன மாதிரி கேட்டுச்சு."

"ஒண்ணுதானே?"

அவள் குழாயைக் காதிலிருந்து கழற்றி அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் நம்ம பாஷையில சொன்னீங்க… அப்புறம் எதுக்குத் தமிழ்ல மூணுன்னீங்க? நீங்கதான் வெத்தலையே போட மாட்டீங்களே."