மிச்சம் முந்நூற்று எண்பது வாட்

— கடைக்காரன் சொல்றான்னு கம்ப்யூட்டருக்கு ஆயிரத்து இருநூறு வாட் பவர் சப்ளை வாங்கிடாதே, மதன். உன் மிஷின்ல இருக்கிற எண்ணூத்தம்பதே ஜாஸ்தி.

— பெருசா இருந்தா நல்லதுதான பிரதிபா? தாங்குமில்ல?

— எதைத் தாங்கணும்? சப்ளை எவ்வளவு பெருசா இருந்தாலும் மிஷினுக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். பாதி லோடுல ஓடினா சூடு கம்மி, வேஸ்ட் கம்மி. அதுக்குத்தான் கோல்டு ரேட்டிங் பாத்து நானே எடுத்துக் குடுத்தேன். அஷ்டே, அவ்வளவுதான். அது கெட்டிருக்காது.

— அப்பறம் ஏம் புள்ள மூணு நாளா பொசுக்குப் பொசுக்குன்னு அணையுது?

— அதைத்தான் கேக்கறேன். கரண்ட் போயி அணையுதா, கரண்ட் இருக்கும்போதே அணையுதா?

— இருக்கறப்பவே. ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்குது. யூபிஎஸ்தான் கத்திப்போட்டு நின்னுக்குது.

— எப்படிக் கத்துது? கரண்ட் போனா விட்டு விட்டுக் கத்தும்.

— இல்ல, இது விடாம. எங்க ஊரு ஹனூர்ல கோழியப் புடிக்கப் போனா கத்துமே, அப்படி.

— ஹௌதா, அப்படியா? சரி, மொதல்ல லைனைப் பாப்போம். மீட்டர் இருக்கா, தொலைச்சிட்டியா?

— உன்ற மீட்டரு வெச்ச எடத்துலயேதான் இருக்குது. இரு... இருநூத்திப் பன்னெண்டு வோல்ட்டு.

— விஜயநகர் வீட்டுல சாயங்காலம் அப்படித்தான் இருக்கும். அதை யூபிஎஸ் சமாளிச்சுக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாரு.

— ஒண்ணு புள்ளி ஆறு.

— ரெண்டுக்குள்ள இருக்கு, நல்லா இருக்கு. எர்த்துக் குழிக்குத் தண்ணி ஊத்துறியா?

— வெள்ளிக்கிழமை தவறாம ஒரு குடம். எதிர்வீட்டு லீலா ஆன்ட்டி, செடியே இல்லாத மண்ணுக்குத் தண்ணி ஊத்துறானேன்னு பாத்துக்கிட்டே நிப்பாங்க.

— நல்ல குழி. அதுக்காகத்தான புனேவுக்கு வரமாட்டேன்னே.

— அப்படியா சொன்னேன்?

— உப்பும் கரியும் போட்டு இப்பத்தான் குழிய மூடினேன், அதுக்குள்ள வீட்டை மாத்தணுமான்னு கேட்டே. நான் பெட்டியோட ஆட்டோவுக்கு நின்னுட்டிருந்தேன்.

— வேற என்ன சொல்றதுன்னு தெரியல புள்ள.

— பிடு, அதை விடு. பழைய கதை.

— அம்மா மாதேஸ்வரன் மலைக்குப் போயிட்டு வந்தாங்க. பிரசாதம் லாடு ரெண்டு குடுத்தனுப்பிச்சாங்க. உனக்கொண்ணு.

— இன்னும் அவங்ககிட்ட சொல்லலையா?

— ட்ரெயினிங் போயிருக்கறதாச் சொல்லி வெச்சிருக்கேன்.

— எட்டு மாசமா ட்ரெயினிங்கா?

— பெரிய வேலைன்னா அப்படித்தான் இருக்கும்னு அவங்களே சொல்லிக்கறாங்க.

— லாடு என்ன ஆச்சு?

— என்றதைத் தின்னுட்டேன். உன்றது இருக்குது.

— அதையும் தின்னு, எறும்பு வரும். என் மிஷினைப் பேக் பண்ணிட்டியா?

— ஆச்சு. தெர்மோகோல் வெச்சு, அட்டைப்பெட்டில போட்டுக் கட்டி, ஹால்ல நிக்குது. லாரி ஆபீசுக்குக் கொண்டுபோறதுதான் பாக்கி.

— போன மாசமும் அதுதான் பாக்கின்னே.

— மழை புள்ள.

— ஹௌதா. இப்ப கேம் ஓடுதா? யூபிஎஸ்ல லோடு எத்தனை சதம் காட்டுது?

— அது... அறுபத்தஞ்சு.

— அறுபத்தஞ்சுல எதுக்கு அது கத்தணும்? கொஞ்சம் சண்டை போடு, பாக்கலாம்.

— இப்பவா? இன்னைக்குத்தான் கொஞ்சம் நல்லாப் பேசிக்கிட்டு இருக்கறோம்.

— கேம்ல, மாராயா.

— சரி, சரி. எறங்கிட்டேன். ரெண்டு பேரு வர்றானுங்க.

— கத்தறது எனக்கே கேக்குது. இப்ப நம்பரைப் படி. இருக்கறதைப் படி.

— நூத்திப் பன்னெண்டு.

— உன் மிஷின், மானிட்டர், எல்லாம் சேத்து ஐநூத்தி இருபது வாட். நான் அளந்தது. அந்த யூபிஎஸ் எண்ணூறு தாங்கும். அப்போ அறுபத்தஞ்சு சதம்தான் காட்டணும். அந்தக் கணக்கு நான் சொல்லிக் குடுத்தது, அதைத்தான் கொஞ்சம் முன்னாடி என்கிட்டயே ஒப்பிச்சே. நூத்திப் பன்னெண்டுன்னா தொள்ளாயிரம் ஆச்சு. மிச்சம் முன்னூத்தி எண்பது எங்க போகுது?

— ஃபிரிட்ஜா இருக்கும்.

— ஃபிரிட்ஜை யாரு யூபிஎஸ்ல மாட்டுவாங்க?

— இல்ல, மிக்சி.

— ஒரு கையில மவுஸு, ஒரு கையில போனு. எந்தக் கையால சட்னி அரைக்கறே?

— ஏம் புள்ள இப்படி வக்கீலாட்டக் கேக்கற?

— மதன். முன்னூத்தி எண்பது என் மிஷின் இழுக்கறது.

— அது வந்து...

— இப்ப அணைஞ்சிடுச்சு. ரெண்டும்.

— ஆமா. ரெண்டும்.

— ஹால்ல இருக்கிற பெட்டில என்ன இருக்கு?

— தெர்மோகோல்.

— தெர்மோகோல் மட்டுமா?

— ஆமா. உன்ற யூபிஎஸ்ல பேட்டரி உப்பிப்போச்சு. அதான் மூணு நாளைக்கு முன்ன உன்ற மிஷினையும் என்ற யூபிஎஸ்லயே மாட்டினேன். தாங்கும்னு நெனச்சேன்.

— யாரு விளையாடறாங்க அதுல?

— யாரும் வெளையாடல. ஆபீஸ் விட்டு வந்ததும் அதையும் போடுவேன். உன்ற ஆளைக் கேம்ல கொண்டாந்து ஆத்தங்கரைல நிறுத்துவேன். சண்டைக்கெல்லாம் கூட்டிக்கிட்டுப் போறதில்ல. நான் போயிட்டுத் திரும்பறப்ப, வில்லைப் புடிச்சுக்கிட்டு அங்கயே நிக்கும். அவ்வளவுதான்.

— சும்மா நின்னா கேம் வெளிய தள்ளிடுமே.

— தள்ளிப்போடும். அதனால நடுநடுவுல எந்திரிச்சு வந்து உன்ற மவுஸை ஒருக்கா ஆட்டிட்டுப் போவேன்.

— அந்த நேரத்துல உன்னை எவனாவது அடிச்சா?

— செத்துத்தான் போவேன். நான் எந்திரிக்கறது எப்படித்தான் தெரியுமோ, அப்பத்தான் வருவானுங்க.

— எத்தனை நாளா இப்படி?

— நீ கெளம்பிப் போன அந்த வாரத்துல இருந்தே. பாஸ்வேர்டை நீ மாத்தல. மாத்தியிருந்தா வுட்டிருப்பேன்.

— பேக் பண்ணிட்டேன்னு ஏன் சொன்னே?

— துணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்ட. உன்ற காப்பி டம்ளரைக்கூட எடுத்துக்கிட்டுப் போயிட்ட. இந்த வீட்டுல உன்றதுன்னு அது ஒண்ணுதான் பாக்கி. லாரில ஏத்திப்போட்டா அப்பறம் நீ கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல, எனக்கு போன் பண்றதுக்கும் ஒண்ணுமில்ல. சரி வுடு. நாளைக்கு நெசமாவே கட்டி அனுப்பிப்போடறேன். நீயும் பாஸ்வேர்டை மாத்திக்க.

— கடைக்காரன்கிட்ட சப்ளை வேண்டாம்னு சொல்லிடு. யூபிஎஸ் கேளு. ரெண்டு கேவிஏ தாங்கறதா. ப்யூர் சைன் வேவான்னு கேட்டு வாங்கு, வேற குடுத்தா எடுக்காதே. நல்ல சப்ளைக்கு மத்தது ஒத்துக்காது.

— ரெண்டா? என்ற மிஷினுக்கு ஒண்ணே போதும்னு நீதான சொன்ன?

— உன் மிஷினுக்குப் போதும்தான்.

— அப்போ...

— நான் வர்றேன்னு அர்த்தம் இல்ல, மதன்.

— நான் அப்படி எடுத்துக்கல. ஆமா, ஒண்ணு கேக்கறேன். இப்ப அணைஞ்சுதே, நான் வாயத் தொறக்கல, அதுக்குள்ள நீ ரெண்டும்னு சொன்ன. புனேல இருக்கற உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— அந்த கேமோட ஆப் என் போன்ல இன்னும் இருக்கு, இப்பவும் திறந்துதான் வெச்சிருக்கேன். தினம் ஏழு மணிக்கு ஆபீஸ் பஸ்ல அதைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன், என் பேருக்குப் பக்கத்துல ஆன்லைன்னு பச்சைப் புள்ளி வரும், நீ வீட்டுக்கு வந்துட்டேன்னு தெரியும். மூணு நாளா அது வந்து வந்து போகுது. நீ கூப்பிடுவேன்னு காத்துட்டிருந்தேன்.