மாப்பிள்ளை லேகியம்

முருங்கைப் பூவை வெயில் ஏறுவதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும், ஐயா. வெயில் பட்டால் வாடிப்போய் ருசி கெட்டுவிடும். காம்பு ஆய்ந்து, பசும்பாலில் வேகவைத்து, கற்கண்டு தட்டிப் போட்டு இறக்கினால் வாசனை தெருவரைக்கும் வரும். ஆண்பிள்ளைகளுக்கு அது ரொம்ப விசேஷம் என்பார்கள். எங்கள் கொல்லையில் இருப்பது ஒரே மரம். இந்த வருஷம் அதில் ஒரு காய்கூடப் பிடிக்க நான் விடவில்லை. பூவெல்லாம் என் வீட்டுக்காரருக்கே போயிற்று.

உட்காருங்கள். என் கொழுந்தன் வேணு கொடுத்த புகாருக்காக இன்ஸ்பெக்டரான நீங்கள் இத்தனை நாளாக இந்த வீட்டுக்கு நடையாய் நடக்கிறீர்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன். நடுவில் அழுது உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் கஜபதி முதலியாரை அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்கி மதராஸுக்கு அனுப்புகிறவர். யுத்த காலத்தில் நூலுக்கு எல்லாரும் திண்டாடினபோதுகூடத் தன் தறிக்காரர்களைப் பட்டினி போட்டதில்லை. நல்ல மனுஷர். குழந்தை இல்லை என்ற ஒன்றுதான் எங்களுக்குக் குறை. அது என் குறை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் ஊருக்கு டாக்டர் தேவைப்படுவதில்லை. அவருக்குச் சில வருஷங்களாகவே அந்த விஷயத்தில் தளர்ச்சி. அந்த ரகசியம் எங்கள் இரண்டு பேரோடும் ஒரு பாயோடும் நின்றிருந்தது.

நான்தான் பொறுக்கமாட்டாமல் ரயிலேறி அரக்கோணத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா வெள்ளைக்காரி. அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொன்னது தபிதாள் என்ற நர்ஸம்மா. புருஷனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவரா வருவார்? ராத்திரியில் அடிக்கடி எழுந்து கொல்லைக்குப் போக அலுத்து, அறை மூலையில் ஒரு மண்சட்டி வைத்திருந்தார். அதிலிருந்து அவருக்குத் தெரியாமல் ஒரு விளக்கெண்ணெய்ச் சீசாவில் பிடித்துக்கொண்டு மறுபடியும் போனேன். தை மாசம் அது. ரயில் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், கோயில் தேனா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன்.

சோதித்துப் பார்த்துவிட்டு, தபிதாள் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"உங்க மேல ஒரு கொறையும் இல்லம்மா. உங்க வூட்டுக்காரருக்குத்தான் நீர்ல சர்க்கரை போவுது. அதனாலதான் ஒடம்பு தளர்ந்துகினு வருது, அந்த விஷயத்துலயும்தான். இனிப்பு கண்ணுலயே காட்டாதீங்க, உசுருக்கே ஆபத்து. கால் மரத்துப் போயிடும், காயம் கீயம் பட்டா தெரியாது, ஆறாது, பார்த்துக்கங்க. ஊசி இருக்குது, நாங்க போடறோம். எப்படியாவது இட்டுகினு வாங்க."

ஆங், சொல்லிடறேன் என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், ஐயா. திரும்பி வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். உங்கள் மூத்திரத்தைச் சீசாவில் அடைத்துப் பரதேசத்துக்காரியிடம் காட்டினேன், குறை உங்களிடம்தான் என்று ஒரு முதலியாரிடம் அவர் பெண்டாட்டி எந்த வாயால் சொல்வது? ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்மேல் குறை இல்லை என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாளே.

வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் தாம்பாளம் நிறைய வெற்றிலை பாக்கு. வேணு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். ஆர்.கே.பேட்டையில் அபரஞ்சி என்று ஒரு பெண்ணாம். தகப்பன் இல்லாததால் இருபது வயசாகியும் கட்டிக்கொடுக்காமல் இருந்ததாம். பேசி முடித்துவிட்டார்கள். உனக்கும் கூடமாட ஒரு தங்கச்சி மாதிரி இருப்பாள் என்று அவர் சொன்னார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதாக நானே சொன்னேன். அப்படியா என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

பிறகு என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அவ சின்னப் பொண்ணு, லலிதா. எனக்கு ஒடம்பு கொஞ்சம் தேறணும். லேகியம் கீகியம் எதுனா உன் கையால பண்ணிக் குடு. வெளிய சொல்லிக்கிற சமாச்சாரமா இது? உன்னை வுட்டா எனக்கு யார் இருக்காங்க?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. இன்னொருத்தியோடு படுப்பதற்கு என் கையால் பலகாரம் கேட்கிறார். அதையும் கண்ணில் தண்ணீர் தளும்ப, நம்பிக்கையோடு கேட்கிறார். பண்ணித் தருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரி விஷயத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் நாளைக்கு என்றே தோன்றியது.

எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. அமுக்கராங்கிழங்கு, பூனைக்காலி விதை, நிலப்பனங்கிழங்கு, சாரப்பருப்பு, ஜாதிக்காய் எல்லாம் வாங்கி, சுத்தி செய்து, இடித்து, சலித்து எடுத்தேன். அதெல்லாம் கசப்பும் துவர்ப்பும். வெல்லப்பாகு தாராளமாக விட்டு, நெய்யும் தேனும் சேர்த்துக் கிளறினால்தான் வாயில் வைக்க முடியும். காலையில் முருங்கைப் பூப்பால். மத்தியானம் உளுந்தங்களி, நடுவில் குழித்து வெல்லமும் நல்லெண்ணெயும். சாயங்காலம் தேனில் ஊறின பேரீச்சம்பழம். படுக்கப் போகும் முன் லேகியம். சர்க்கரைக்கு ரேஷன் இருக்கிற காலம் இது. என் பங்குச் சர்க்கரையையும் அவர் பாலிலேயே போட்டேன். நான் வெறும் காப்பித் தண்ணி குடித்தேன். ரேஷன் கடையில் என்னைக் காட்டி, பொண்டாட்டின்னா இவங்கதான் என்று சொன்னார்களாம்.

அவருடைய கூட்டாளிகளும் சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெங்காயத்தை நெய்யில் வதக்கித் தேனில் போடு என்றார் ஒருவர். சிட்டுக்குருவி லேகியம் என்றார் இன்னொருவர். கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருக்கிற வீட்டில் குருவியா என்று கேட்டேன். இவரே போய் விற்கிறவனிடம் விசாரித்தாராம். அதில் குருவியெல்லாம் ஒன்றும் கிடையாது, பெயர்தான் அப்படி என்று அவன் சத்தியம் பண்ணினானாம். குருவி இல்லாவிட்டால் அதை எதற்கு வாங்குவது என்று இவர் மனம் வெறுத்துத் திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்பாக வந்தது. அவரோடு உட்கார்ந்து சிரித்தே எத்தனையோ காலமாகியிருந்தது. அந்த மாசங்களில் அவர் என்னிடம் பேசின மாதிரி கல்யாணமான புதிதில்கூடப் பேசினதில்லை. சமையலறையில் வந்து மணை போட்டு உட்கார்ந்துகொண்டு, பாகு பதம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்.

வைகாசி வாக்கில் நன்றாக இளைத்துவிட்டார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். ஒருநாள் கொல்லையில் இருந்து முகம் வெளுத்து வந்தார். அவர் ஒன்றுக்குப் போன கல்லில் வெயில் பட்டு வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருந்ததாம்.

"தாது நஷ்டம், லலிதா. எல்லாம் நீராப் போவுது. அதான் இளைக்கிறேன்."

நான் போய்ப் பார்த்தேன். திட்டுப் படிந்திருந்தது உண்மைதான். அதைச் சுற்றிச் சாரிசாரியாக எறும்பு. நான் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்து, லேகியத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சாப்பிடுங்கள் என்றேன். சரி என்று வாயைத் திறந்தார். கல்யாணத்துக்கு முன்பே ஏக்கமா மாப்பிள்ளை என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

அந்தச் சமயத்தில் கடைத்தெருவில் தபிதாளைப் பார்த்தேன். உறவுக்காரர் வீட்டுக்கு வந்தாளாம். சொன்னீங்களாம்மா, ஏன் இட்டுகினு வரல என்று கேட்டாள். மதராஸில் பெரிய டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், நல்ல குணம் தெரிகிறது என்றேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளை நீங்கள் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

ஆடிக் கிருத்திகைக்குப் பிள்ளை வரம் கேட்டுக் காவடி எடுத்துவிட்டு ஆவணியில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. புஷ்பக் காவடிக்குப் பூத்தொடுத்து அலங்காரம் பண்ணினது நான்தான். வெறுங்காலோடு மலை ஏறினார். படியெல்லாம் நெருப்பாகக் கொதித்தது. கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் குதித்துக் குதித்து ஏற, இவர் மட்டும் புல்தரையில் நடக்கிறவர் போல நிதானமாக ஏறினார். மேலே போய்ப் பார்த்தால் குதிகால் முழுக்கக் கொப்புளம், கீழே கிழிந்து ரத்தம். அவருக்குத் தெரியவே இல்லை.

"பார்த்தியா, அண்ணி? முருகன் அண்ணனோட வலிய வாங்கிக்கினாரு. பையன் பொறக்கறது நிச்சயம்" என்றான் வேணு. அவரும் அழுதார். எனக்கு அந்தப் பாதம் எதனால் மரத்துப்போனது என்று தெரியும். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன், வேப்பிலை அரைத்து வைத்தேன். ஆவணி பிறந்தபோது விரல்கள் கறுத்துவிட்டன. வேணு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு என்று ஒரே பிடியாக நின்றான். நான் அவர் காதுபடச் சொன்னேன்: "இட்டுகினு போனா காலை எடுத்துடுவாங்க. ஒத்தைக் காலோட மணையில உக்காருவாரா?" அவ்வளவுதான். போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டது அவரேதான். வண்டி திரும்பிப் போயிற்று.

அபரஞ்சியைப் பற்றிக் கேட்டீர்கள். தாலி ஏறுவதற்கு முன்பே மாப்பிள்ளையை விழுங்கினவள் என்று ஆர்.கே.பேட்டையில் அவளை வாசலில்கூட நிற்க விடுவதில்லையாம். எனக்கு வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், தாலி கட்டி அறுப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஒருநாள் அவளே எனக்கு நன்றி சொல்வாள்.

பிணத்தை எடுப்பதற்கு முன்பே வேணு உங்களிடம் ஓடிவந்து, அண்ணி மருந்து வைத்துவிட்டாள் என்றான். நீங்கள் லேகிய ஜாடியை மதராஸுக்கு அனுப்பினீர்கள். விஷம் ஒன்றும் இல்லை, நல்ல சரக்கு, நல்ல நெய் என்று பதில் வந்தது. அது எனக்கு முன்பே தெரியும். பிணத்தின் காலைச் சோதித்த சர்க்கார் டாக்டர் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தார். அதோடு விட்டிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நேற்று நீங்கள் வேணுவிடம், பட்டிக்காட்டுப் பொம்பளை, இன்னாத்தக் கண்டுது, தெரியாம இனிப்பா ஊட்டிட்டுது என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. இத்தனை மாசம் நெருப்பு முன்னால் நின்று நான் செய்ததைத் தெரியாத்தனம் என்று நீங்கள் சொல்லக் கூடாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவர் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், கொஞ்சம் தெளிவாக இருந்தார். வேணு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். திடீரென்று கேட்டார்:

"லலிதா, தை மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனியே. டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். ரயில் இருந்தது, வேணு இருந்தான், ஊசியும் இருந்திருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். குறை தன்னிடம்தானோ என்ற பயம் அதில் தெரிந்தது. அந்தப் பயத்தோடு அவரை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"கோளாறு என்கிட்டதான்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். "போவுது வுடு. நீ இன்னா பண்ணுவே? நான் உன்னை மன்னிச்சுட்டேன்" என்றார். பிறகு லேகியம் கேட்டார். விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

ஆகையால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவருக்கு இன்ன வியாதி என்று எனக்குத் தெரியும். இனிப்பு அவரைக் கொன்றுவிடும் என்று தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்தேன், அதில்தான் அவர் செத்தார். ஆனால் அவர் என்னை மன்னித்தது பொய்யில்லை. வேணுவைக் கேளுங்கள், அவன் தன் காதால் கேட்டான். உயிரை விட்டவரே வாய்விட்டு மன்னித்துவிட்ட பிறகு, இதில் விசாரிக்க உங்களுக்கு இன்னும் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.