பெயரை மறைக்கச் சொன்னவள்

எனக்குக் கதவைச் சாத்தும் பழக்கம் கிடையாது. வீட்டில் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். கொசு வருகிறது என்பாள் மனைவி. வரட்டும், வருவதாவது கண்ணுக்குத் தெரியுமே என்பேன். அமைச்சரானதும் என் அலுவலக அறைக் கதவைக் கழற்றி வைக்கச் சொன்னேன். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. விளம்பரத்துக்காகச் செய்ததல்ல. சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒளிவுமறைவு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

நீங்கள் விசாரணை அதிகாரி, என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் வைத்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு காரியங்களுக்காக நான் அரசியலுக்கு வந்தேன். அரசாங்கம் செய்வது மக்கள் கண்ணில் பட வேண்டும். தேர்தலில் எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது வெட்டவெளிச்சமாக வேண்டும்.

முதல் காரியத்துக்கான சட்டத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். அரசு வேலையில் ஊழல் என்று யார் புகார் கொடுத்தாலும், அவர் பெயர் தலைமைச் செயலக வாசல் பலகையில் ஏறிவிடும். விவரத்தை விசாரணை நாளில் அவரே நேரில் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால் புகார் முடிந்தது. மொட்டைக் கடிதம் போட்டு நல்லவர்கள் தலையை உருட்டுகிறவர்களை அடக்கத்தான் அப்படி வைத்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் பெயரை மறைக்கவும் ஒரு பிரிவு உண்டு. அதற்கு என் கையெழுத்து போதும்.

என் மனைவியின் தங்கை பொதுப்பணித் துறையில் பொறியாளர். பாலங்களைச் சோதிப்பது அவள் வேலை. பெற்றோர் சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தாள். தனியாக வீடு பிடித்துப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்களோடுதான். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே குரல். தொலைபேசியில் இவளென்று நினைத்து அவளிடம் கொஞ்சிப் பேசி அசடு வழிந்திருக்கிறேன். மனைவி 'என்னங்க' என்பாள், அவள் 'அத்தான்' என்பாள். அதை வைத்துத்தான் யாரென்று கண்டுபிடிப்பேன்.

ஒரு மதியம் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். காலணியெல்லாம் சிமெண்ட் தூசி.

"அத்தான், ஆத்துப் பாலம் ரொம்ப நாள் தாங்காது."

"என்னம்மா சொல்ற?"

"போட வேண்டிய கம்பியில பாதிதான் போட்டிருக்காங்க. மிச்சப் பணம் தேர்தல் செலவுக்குப் போயிருக்கு. உங்க கட்சிக்கு."

"யாருடா சொன்னா உனக்கு?"

"கம்பியை நானே சோதிச்சேன். பணம் போன கதையை ஒப்பந்தக்காரரோட ஆளே வாய் தவறிச் சொல்லிட்டான். புகார் கொடுத்துட்டேன், இப்ப உங்க மேசைக்கு வந்திருக்கும். என் பேரை மட்டும் மறைச்சிடுங்க அத்தான். அந்த ஒப்பந்தக்காரர் என்ன வேணாலும் செய்வார். பயமா இருக்கு."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். பார்க்கலாம் என்றேன். உங்க சட்டத்தை நம்பித்தான் எழுதினேன் என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு என்னை இப்போதும் விடுவதாக இல்லை.

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். தேர்தல் நிதியை வெளிப்படையாக்கும் மசோதா, என் இரண்டாவது காரியம், அவைக்கு வர இருந்தது. இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியது அதற்காகத்தான். என் கட்சிக்கே இப்படிப் பணம் வந்தது என்று தெரிந்தால் மசோதா அன்றே செத்துவிடும். பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. ஒரு பாலத்துக்காக இனி வரப்போகும் தேர்தல்களையெல்லாம் பாழாக்குவதா? இன்னொன்றும் இருக்கிறது. சொந்தக்காரி என்பதற்காகப் பெயரை மறைத்தால், மற்றவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலை அவள் பெயர் பலகையில் ஏறியது.

விசாரணைக்கு முந்தைய நாள், வேலைக்குப் போகும் வழியில் அவள் ஸ்கூட்டர் மீது லாரி மோதியது. ஓட்டுநர் அகப்படவில்லை. அவள் நேரில் வராததால் புகார் முடிந்தது. மசோதா நிறைவேறியது. அந்தச் சட்டத்துக்கு அவள் பெயரையே வைத்தேன். அவையில் எதிர்க்கட்சிக்காரர்கள்கூட எழுந்து நின்றார்கள். நான் அழுதேன், அது நடிப்பல்ல. பாலமும் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. நான் மட்டும் சுற்றுவழியில் போகிறேன்.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் கிளம்பிய பிறகு, மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ உங்களைப் பார்க்க வந்தாளாமே. என்ன கேட்டா?"

"பேரை மறைக்கச் சொன்னா."

"மறைச்சிருக்கலாம்ல?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா."

"சட்டத்தை எழுதினது யாருங்க?"

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. இப்போது சோறு போடுகிறாள், துணி மடிக்கிறாள், வாயைத் திறப்பதில்லை. ஆனால் வீட்டில் குரல் நிற்கவில்லை. சமையலறையிலிருந்து கூப்பிடுகிறது. குளித்துக்கொண்டிருக்கும்போது கதவருகே கூப்பிடுகிறது. 'அத்தான்' என்கிறது. நான் எட்டிப் பார்த்தால் மனைவி உதடு அசையாமல் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஒருமுறை என்னை மீறி 'வரேன்டா' என்று பதில் கொடுத்துவிட்டேன். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். மனிதன் எதைத்தான் தாங்குவான், ஐயா? அதனால்தான் நானாகவே உங்களைத் தேடி வந்தேன். பக்கத்து அறையில் ஒரு பெண் பேசுகிறாரே, உங்கள் அலுவலகத்துக்காரரா? யாருமில்லையா? சரி, விடுங்கள்.

ஒப்பந்தக்காரரிடம் பேசினேனா என்று கேட்டீர்கள். பேசினேன். நான்தான் முதலில் கூப்பிட்டேன். பலகையைப் போய்ப் பாருங்கள் என்றேன். அது ஊரே பார்க்கிற பலகை, அதில் ரகசியம் ஒன்றுமில்லை. பார்த்துவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அந்தப் பொண்ணு காலையில வேலைக்கு எந்த வழியா போகும், சார்?"

எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை. கிடங்குத் தெரு வழியாக, எட்டு மணி வாக்கில், தனியாகப் போவாள் என்று சொன்னேன். பொது வாழ்க்கைக்கு வந்தவன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது.