பெத்தன் இல்லம்

ஐயா, ஆடு அடைப்பதற்கு நீச்சல் குளத்தைப் போல வசதியான இடம் கிடையாது. சுற்றிலும் சுவர் இருக்கிறது. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் மூத்திரம் தேங்காது. நரி இறங்காது, இறங்கினாலும் ஏறிப் போக முடியாது. தண்ணீர் விடாத குளம் என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் அதை வீணாக விடவில்லை.

அரியக்குடிக்குப் போகிற வழியில், கருவேலங்காட்டுக்குள் நிற்கிற, அந்தக் குளம் உள்ள மாளிகையைக் கட்டத் தொடங்கியவர் முதலாளி அன்வர் சாதிக். மலேசியாவில் வியாபாரம். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து நான் அங்கே கலவைச் சட்டி சுமந்தேன். அவருக்கு வியாபாரம் நொடித்ததும் வேலை நின்றது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "பெத்தா, முதலாளி சொல்ற வரைக்கும் நீ இங்கன இருந்து பாத்துக்க" என்றார். முதலாளி எதுவும் சொல்லவில்லை. நானும் என் பெண்சாதி ஆயியும் சமையல்கட்டுக்கென்று கட்டியிருந்த அறையில் குடியிருந்தோம். சொந்த ஊரில் எங்கள் மண்வீடு மழையில் கரைந்துபோயிருந்தது. ஆயிக்கு வேறு நிழல் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்தது அவளுக்காக.

பாழடைந்த மாளிகை என்று செல்போனில் படம் பிடிக்க இளவட்டங்கள் வருவார்கள். நான் யாரையும் விரட்டியதில்லை. "உள்ள பாம்பு கெடக்கு தம்பி, பாத்துப் போங்க" என்பேன். பாதிப் பேர் அத்தோடு திரும்பிவிடுவார்கள்.

யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று பலகையும் எழுதி மாட்டியிருந்தேன். நடு முற்றத்துக்கு மேலே, மாடியின் இரண்டு பக்கத்தையும் சேர்க்க இரண்டு நடைபாலம் உண்டு. இடது பாலத்துக்குக் கான்கிரீட் போட்ட மறுநாளே வேலை நின்றுவிட்டது. வலது பாலத்துக்குச் சென்ட்ரிங் பலகை பரப்பியதோடு சரி. இரண்டுக்கும் அடியில் முட்டுக் கொடுத்த சவுக்குக் கொம்புகளை யாரும் பிரிக்கவில்லை. அதனால் கீழே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வலது பாலத்தின் முன்னால் நான் கரியால் எழுதித் தொங்கவிட்ட பலகை இது: 'இந்தப் பக்கம் கான்கிரீட் போடவில்லை. போகாதீர்கள்.'

எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. மகள் ரோகிணி சொல்லிக்கொடுத்தாள். கற்றுக்கொண்டதும் முதலில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். முகப்பு வாசலின் உள்பக்கச் சுவரில், பூச்சு ஈரமாக இருந்தபோது ஆணியால் கீறினேன்: 'பெத்தன் இல்லம்.' அந்தச் சுவர் பொரிந்து கிடந்தது, நான்தான் மிச்சமிருந்த சிமென்டைக் குழைத்துப் பூசினேன். ஆயிக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். முதலாளி பேர் என்று சொன்னேன்.

ஹரீஷ் என்ற அந்தத் தம்பி வந்தது ஒரு சாயங்காலம். மோட்டார் சைக்கிளை வெளிக்கதவுப் பக்கம் நிறுத்திவிட்டு, வீடியோ எடுக்க வந்ததாகச் சொன்னார். குளத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, ஆடுக எல்லாம் நீச்சல் கத்துக்கிடுச்சா?"

"தண்ணி விட்டா கத்துக்கிரும் தம்பி."

நல்ல பிள்ளை, சிரிக்கத் தெரிந்தவர். ஆனால் வீடியோ எடுப்பவர்கள் தங்கள் மூஞ்சியைத்தான் அதிகம் எடுப்பார்கள். இவர் தூணைத் தட்டிப் பார்த்தார். துருப்பிடித்த கம்பியை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். பெட்டி பிரிக்காமல் கிடந்த பளிங்குக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீட்டை விலைக்குக் கேட்கிற யாரோ அனுப்பிய ஆள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அவர் செய்ததெல்லாம் அதற்குப் பொருந்தியே வந்தது.

திரும்புகையில் வாசல் சுவரில் டார்ச் அடித்தார்.

"பெத்தன்னா யாருங்க?"

"எங்க மேஸ்திரி."

"நீங்க?"

"வேலைக்காரன் தம்பி."

அவர் சிமென்டில் காய்த்துப்போன என் கையைப் பார்த்தார். பிறகு அந்த எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில வந்து மாடியப் பாக்குறேன். மேல நடக்கலாம்ல?"

"ஆபத்தான எடத்துல போர்டு மாட்டியிருக்கேன். படிச்சுப் பாத்து நடங்க" என்றேன்.

அவர் போனபின் அந்தப் பலகையைக் கழற்றி இடது பாலத்துத் தூணில் கம்பியால் கட்டி மாட்டினேன். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. வலது பாலத்தில் பலகை இடுக்கு தெரியாமல் மணல் இறைத்து, இரண்டு பாலத்திலும் காய்ந்த சருகைப் பரப்பினேன். கீழே வந்து முட்டுக் கொம்புகளின் ஆப்பைத் தட்டித் தளர்த்தினேன். ஆயி அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்ற கவலை மட்டும் இருந்தது.

மறுநாள் ஹரீஷ் பலகையை நின்று படித்தார். முற்றத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்ல வேளைங்கய்யா, எழுதி வச்சீங்க" என்று மேலிருந்து குரல் கொடுத்துவிட்டு வலது பக்கம் திரும்பினார். என்னை மாதிரி எழுத்தறியாமல் வளர்ந்திருந்தால், யாரையாவது கேட்டுவிட்டு நடந்திருப்பார், பிழைத்திருப்பார். படித்தவர்கள் எழுதியிருப்பதை நம்பிவிடுகிறார்கள்.

விழுந்ததும் உயிர் போகவில்லை. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தண்ணீர் கேட்டார், செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். போனைக் கேட்டார். அது தள்ளிப்போய் விழுந்திருந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"யாரு அனுப்பினாக தம்பி?" என்று கேட்டேன்.

"அன்வர் சாதிக் சார்... நான் இன்ஜினியர்ங்க. வீட்டை முடிக்கப் போறாரு. உங்களையே காவலுக்கு வச்சுக்குவாராம்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சாமானெல்லாம் இருக்கான்னு... சத்தமில்லாம பாத்துட்டு வரச் சொன்னாரு."

அதாவது, முதலாளி என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஒரு ஓடு, ஒரு கம்பி நான் வெளியே கொடுத்ததில்லை. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வீட்டை முடிக்கப் போகிறார் என்பதும் நல்ல சேதியாகப் படவில்லை. குளத்தில் தண்ணீர் விடுவார்கள். சமையல்கட்டில் சமைப்பார்கள். வாசல் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். முடித்த வீட்டில் எனக்கு எங்கே இடம்?

அவர் கத்திக்கொண்டே இருந்ததில் ஆடுகள் மிரண்டன. அதனால் அவற்றை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனேன். வெயில் தாழ்ந்து திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. பலகையை மறுபடி வலது பக்கமே மாட்டிவிட்டு, ஊருக்குள் போய்ச் சொன்னேன்.

எழுதியிருந்தும் படிக்காமல் போய் விழுந்துவிட்டார் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். இடது பாலத்துத் தூணில் புதிதாகக் கம்பி கட்டிய தடத்தை விசாரிக்க வந்த நீங்கள்தான் பார்த்தீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தாள் கேட்டேன், கொடுத்தீர்கள். நானே எழுதுகிறேன்: ஹரீஷைக் கொன்றது நான்தான்.

ஆயியை விசாரித்ததாகச் சொன்னீர்கள். போன பொங்கலுக்கு முன்பே அவள் கல்லலில் ரோகிணி வீட்டுக்குப் போய்விட்டாள் என்றீர்கள். அது உண்மைதான். "இது நம்ம வீடு இல்லய்யா. ஆட்டப் பத்திக்கிட்டு நீயும் கெளம்பு, மக வீட்ல ஒரு மூலை கெடைக்காதா?" என்றாள். நான் வரவில்லை என்றதும் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஹரீஷ் வந்த அன்று அங்கே நானும் ஆடுகளும் மட்டும்தான் இருந்தோம். ஆனாலும் அவள் கோபம் தணிந்து வருவாள். அவளுக்காகத்தான் வீட்டைக் காத்தேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாசல் சுவரில் இருக்கிற எழுத்தை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆயி திரும்பி வந்தால், இது நம் வீடுதான் என்று அதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.