வெளிச்சம் வர்ற வரைக்கும்

மாமனார்: மாப்ளே, இந்தக் கேமரா ஸ்டாண்டோட மூணாவது கால் நீளவே மாட்டேங்குதே.

மாப்பிள்ளை: அந்தத் திருகை இடப்பக்கமா… இல்ல, வலப்பக்கமா… விடுங்க மாமா, மத்த ரெண்டு காலையும் குறைச்சிருவோம்.

மாமனார்: அதுவும் சரிதான். இந்தக் குளிர்ல, பாலத்து மேல நம்மளைத் தவிர ஈ காக்கா இல்ல.

மாப்பிள்ளை: இப்ப வந்தாத்தான் மாமா. சூரியன் கிளம்புறப்போ வெளிச்சம் சாய்வா விழும். படத்துல உயிர் இருக்கும்.

மாமனார்: ஆமாமா. உச்சி வெயில்ல எடுத்தா கண்ணு ரெண்டும் குழி மாதிரி தெரியும்.

மாப்பிள்ளை: கரெக்டா சொல்லிட்டீங்க!

மாமனார்: ஏதோ… பழக்கம்தான்.

மாப்பிள்ளை: லாட்ஜுல அவங்க ரெண்டு பேரும் இன்னும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க.

மாமனார்: உங்க அத்தையா? வெளியூர் வந்துட்டா கட்டிலோட தூக்கிட்டுப் போனாலும் தெரியாது. என் பொண்ணு அதுக்கும் மேல.

மாப்பிள்ளை: அதை நான் சொன்னா அவ சும்மா விட மாட்டா.

மாமனார்: நான் சொன்னேன்னு சொல்லுங்க… சரி, ஆத்துல அந்தப் படகு நிக்குதே, அதை நடுவுல வெப்பீங்களா?

மாப்பிள்ளை: நடுவுல கூடாது மாமா. படத்தை மூணாப் பிரிச்சு…

மாமனார்: குறுக்க மூணு, நெடுக்க மூணு.

மாப்பிள்ளை: அதேதான்! கோடு வெட்டிக்கிற இடத்துல படகை வெச்சா, கண்ணு தானா அங்க போகும்.

மாமனார்: இந்தக் கைப்பிடிச் சுவரும் நேரா அங்கதான கூட்டிட்டுப் போகுது.

மாப்பிள்ளை: அடேங்கப்பா! பெயிண்ட் கடையில உக்காந்துக்கிட்டு இவ்வளவும் எப்ப மாமா கத்துக்கிட்டீங்க?

மாமனார்: அது கெடக்குது. கையை ஏன் அப்படித் தேய்க்கிறீங்க? உங்க கையுறை எங்க?

மாப்பிள்ளை: ரூம்லயே மறந்துட்டேன்.

மாமனார்: இந்தாங்க, என்னோடதைப் போடுங்க.

மாப்பிள்ளை: அப்ப உங்களுக்கு?

மாமனார்: எனக்குப் பாக்கெட் இருக்கு. போடுங்கங்கறேன்ல.

மாப்பிள்ளை: …மாமா.

மாமனார்: ம்?

மாப்பிள்ளை: ஒண்ணுமில்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல நீங்க என்கிட்ட இவ்வளவு பேசுனது இன்னிக்குத்தான்.

மாமனார்: கல்யாணத்துக்கே வராத மனுஷன் எந்த மூஞ்சியோட பேச… ஏய், அங்க பாருங்க! வந்திருச்சு!

மாப்பிள்ளை: அய்யோ, ஆமா!

மாமனார்: என்னா மஞ்சள்! நாலு டப்பா கலந்தாலும் என் கடையில இது வராது.

மாப்பிள்ளை: அப்படியே நில்லுங்க மாமா, உங்களையும் சேர்த்து ஒண்ணு. சிரிங்க… இன்னும் கொஞ்சம்… ஆச்சு!

மாமனார்: காட்டுங்க… மாப்ளே, இது யாரு? கரி மூட்டையாட்டம்?

மாப்பிள்ளை: வெளிச்சம் உங்களுக்குப் பின்னாடி இருந்துச்சா, அதான்…

மாமனார்: வெளிச்சத்தை ஆளுக்குப் பின்னாடி விடாதீங்கன்னு அந்தக் குல்லாக்காரன் தலைபாடா அடிச்சுக்கிட்டானே!

மாப்பிள்ளை: எந்தக் குல்லாக்காரன்?

மாமனார்: அது… சும்மா… வாய் தவறி…

மாப்பிள்ளை: பச்சைக் குல்லாவா மாமா? போட்டோ எடுக்கச் சொல்லித் தர்ற வீடியோவுல, பேச்சுக்குப் பேச்சு கையைத் தட்டுவானே?

மாமனார்: …நீங்களும் பார்த்தீங்களா?

மாப்பிள்ளை: ரயில்ல வர்றப்போ. மேல் படுக்கையில, போர்வைக்குள்ள.

மாமனார்: நான் கீழ்ப் படுக்கையில!

மாப்பிள்ளை: அப்ப உங்களுக்குப் போட்டோ…

மாமனார்: கேமராவுல எந்தப் பக்கம் கண்ணை வெக்கணும்னுகூடத் தெரியாது. ஆனா நீங்க… பொண்ணு அனுப்புற படத்துல எல்லாம் உங்க கழுத்துல கேமரா தொங்குமே?

மாப்பிள்ளை: அது என் பிரெண்டோடது மாமா. அவன்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணுல படம் எடுப்பான், இன்னொண்ணை என் கழுத்துல மாட்டிடுவான். அவனுக்கு நான் ஒரு நடமாடுற ஆணி. இதுவும் அவன்கிட்ட வாங்கிட்டு வந்ததுதான்.

மாமனார்: அட ராமா… வயிறு வலிக்குது மாப்ளே, சிரிக்க வைக்காதீங்க.

மாப்பிள்ளை: ‘அப்பாவுக்கு இப்பல்லாம் போட்டோன்னா உயிராம், விடியக்காலைல கூட்டிட்டுப் போங்க’ன்னு உங்க பொண்ணுதான் சொன்னா. அவளுக்கு யாரு சொன்னது?

மாமனார்: உங்க அத்தை.

மாப்பிள்ளை: அத்தைக்கு?

மாமனார்: …நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ‘வாங்க மாப்ளே, ஒரு நடை போயிட்டு வரலாம்’னு நேரா வந்து கூப்பிட எனக்கு வாய் வரல.